ஒட்டிய அலுமினியப் பிரேமும் ஒளித்த குறையும்

2022ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் திகதி, அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே இனி எரிபொருள் என்ற அறிவித்தல் வந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன்னரே பெற்றோல் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டு கிடந்தன. அந்த மாதங்களில் கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை, கெலிஓயா, கம்பளை எனச் சுற்றியுள்ள ஊர்களிலும் சைக்கிள் தேடாத வீடு குறைவு. 2020 முதல் இருந்துவந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் ரூபாவின் வீழ்ச்சியும் சேர்ந்து விலை இரு மடங்கைத் தாண்டிப் போனது. புதியது வாங்க முடியாதவர்கள் ஜப்பானில் பாவித்து வந்த சைக்கிள்களைத் தேடி வாங்கினார்கள். எமது ஊர்கள் மேடு பள்ளமானவை. ஆகவே கியர் இருக்க வேண்டும், பாரம் குறைவாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். பாரம் குறைந்த சைக்கிள் என்றால் பெரும்பாலும் அலுமினியப் பிரேம்தான்.

அந்தச் சைக்கிள்கள் இப்போது கடைகளுக்குத் திரும்பி வருகின்றன. சைக்கிள் உதிரிப்பாக வியாபாரத்தில் இருப்பவன் என்ற வகையில் இதை நான் அடிக்கடி காண்கிறேன். இரண்டு பேர் ஏறி ஓடியது, அரிசி மூட்டை கட்டியது, காஸ் சிலிண்டர் ஏற்றியது எல்லாம் சேர்ந்து பிரேமில் வெடிப்பு விழுந்திருக்கிறது. பெடல் அச்சு இருக்கும் இடத்தில், சீட் கம்பி இறங்கும் வாயில், இன்னும் சிலவற்றில் ஹேண்டில் தண்டு நுழையும் குழாயின் அடியில், தலைமயிர் அளவில் ஒரு கோடு. பெயின்ட்தான் வெடித்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெயின்டைச் சுரண்டிப் பார்த்தால் கோடு உலோகத்திலேயே இருக்கும்.

வாடிக்கையாளரின் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “நானா, ஒரு வெல்டிங் வெச்சுத் தாங்களே?”

இந்தக் கேள்விக்கு வியாபாரி என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதே இவ்வாரம் நான் எழுத நினைத்த விடயம். சைக்கிள் கடைக்காரர்கள் மாத்திரமன்றி, பழுதுபார்த்த பொருளை விற்கும் எவரும் இதைத் தம்முடைய தொழிலுக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

இரும்புக்குப் பழகிய கை

எமது வெல்டிங் பாஸ்மார் திறமைசாலிகள். பழைய இரும்புச் சைக்கிளின் பிரேம் முறிந்தால் காஸ் வெல்டிங்கில் பித்தளை உருக்கி ஒட்டிக் கொடுப்பார்கள். அது இன்னும் பத்து வருடம் ஓடும். சாதாரண இரும்புக் குழாய் சூடு பட்டு ஆறினாலும் அதன் பலத்தில் பெரிய குறை வருவதில்லை. அதனால்தான் அந்தத் தொழில் தலைமுறை தலைமுறையாக நம்பிக்கையோடு நடந்து வந்தது.

அலுமினியம் வேறு வகை. முதலாவது, அதன் மேலே எப்போதும் ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படை இருக்கும். அலுமினியம் உருகுவது 660 பாகை செல்சியஸில். மேலே உள்ள படை உருகுவதோ 2000 பாகையைத் தாண்டி. படை அப்படியே இருக்க உள்ளே உலோகம் தண்ணீராகிவிடும். இரும்பைப் போல் சிவந்து காட்டி எச்சரிப்பதும் இல்லை. ஆகவே ஏசி மின்சாரத்தில் இயங்கும் டிக் மெஷின், ஆகன் வாயு, அலுமினியத்துக்கென்றே வைத்திருக்கும் துருப்பிடிக்காத பிரஷ் இவை எல்லாம் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. எண்ணெய்ப் பசையோ ஈரமோ இருந்தால் ஒட்டுக்குள் ஐதரசன் புகுந்து, பாண் துண்டு போல் சிறு சிறு துளைகள் விழும். கண்டியின் மழைக்காலத்தில் இது ஒரு தனித் தொல்லை.

இதை எல்லாம் சரியாகச் செய்யக்கூடிய பாஸ்மார் எமது பகுதியில் இருக்கிறார்கள். லொறி எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டை ஒட்டுகிறார்கள், அலோய் வீல் ஒட்டுகிறார்கள், கந்தூரிக்குச் சோறாக்கும் பெரிய அலுமினியச் சட்டியின் அடி வெடித்தால் அதையும் ஒட்டித் தருகிறார்கள். சட்டிக்கு வேண்டியது ஒழுகாமல் இருப்பது மட்டுமே. சைக்கிள் பிரேம் ஒரு மனிதனைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு மிதிக்கும் வளைந்து நிமிர வேண்டும்.

இங்கேதான் இரண்டாவது விடயம் வருகிறது. எனது கருத்தில் இதுவே முக்கியமானது. ஆனால் கடைகளில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. சைக்கிள் பிரேம்களில் பெரும்பாலும் பாவிக்கப்படும் 6061 என்ற கலப்புலோகத்தில் அலுமினியத்தோடு சிறிதளவு மக்னீசியமும் சிலிக்கனும் இருக்கின்றன. அதன் பலம் உலோகத்தில் மட்டும் இல்லை, அதற்குக் கொடுத்த சூட்டில் இருக்கிறது. தொழிற்சாலையில் பிரேமை ஒட்டி முடித்த பின் முழுப் பிரேமையும் சுமார் 530 பாகைக்குச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, கோணல் பார்த்து நிமிர்த்தி, மறுபடியும் 170 பாகை அளவில் பல மணித்தியாலங்கள் வைத்து எடுக்கிறார்கள். அதன் பிறகுதான் அந்தக் குழாய்க்கு உரிய பலம் வருகிறது. எமது பாஸ் அந்தக் குழாயில் மறுபடி டிக் சுவாலையை வைத்ததும், ஒட்டிய இடத்திலிருந்து இரு பக்கமும் ஏறத்தாழ ஓர் அங்குலத்துக்கு அந்தப் பதம் போய்விடுகிறது. இழுவைப் பலம் 310 மெகாபாஸ்கல் இருந்த உலோகம் அந்த இடத்தில் 165 அளவுக்கு இறங்கும். ஒட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும், சில்லறைக் காசை அடுக்கி வைத்தது போல் வரிவரியாக இருந்தாலும், பலம் ஏறத்தாழப் பாதிதான். அடுத்த வெடிப்பு பெரும்பாலும் ஒட்டில் வராது, ஒட்டுக்குப் பக்கத்தில் வரும். “என் ஒட்டு விடவில்லை” என்று பாஸ் சொல்வார். அவர் சொல்வது உண்மை. பிரேம் முறிந்ததும் உண்மை.

7005 என்ற இன்னொரு கலப்புலோகமும் உண்டு. அதில் நாகமும் மக்னீசியமும் கலந்திருக்கும். ஒட்டிய பின் சாதாரண வெப்பநிலையிலேயே சில வாரங்களில் அது தன் பலத்தில் ஒரு பங்கை மீட்டுக்கொள்ளும். ஆனால் 6061க்குப் பாவிக்கும் 4043 கம்பி இதற்குச் சரிவராது, 5356 கம்பி வேண்டும். பிரேமில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் உரிந்து போயிருந்தால் எது எந்த உலோகம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. கையில் எந்தக் கம்பி இருக்கிறதோ அதை வைத்து ஒட்டுவதுதான் நடக்கிறது.

சூடு கொடுத்துப் பலத்தைத் திருப்பி எடுக்கலாமே என்று ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார். பேக்கரிப் போறணையில் 170 பாகை தாராளமாகக் கிடைக்குமே என்பது அவருடைய யோசனை. கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால் 530 பாகைப் படி நடக்காமல் 170 பாகைப் படியை மட்டும் செய்தால் மிகச் சிறிதளவே மீளும். 530 பாகையில் வைத்தெடுத்தால் பிரேம் கோணும். அதை நிமிர்த்தும் சட்டமும் வேண்டும். போறணையில் பாண் போடுவதே நல்லது.

இறக்கத்தில் முறிந்தால்

இரும்பு முறிவதற்கு முன் வளையும், முனகும், தள்ளாடும். ஓட்டுபவருக்குத் தெரியும். இரும்புக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறைவான பாரம் எத்தனை இலட்சம் தடவை வந்தாலும் அது களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படியான எல்லை கிடையாது. சிறு பாரமும் எண்ணிக்கையில் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் முறிக்கும். 1954ஆம் ஆண்டு ஜனவரியிலும் ஏப்ரலிலும் பிரித்தானியாவின் கொமட் ஜெட் விமானங்கள் இரண்டு மத்தியதரைக் கடலுக்கு மேலே சிதறி விழுந்தன. உடலில் வெட்டியிருந்த திறப்புகளின் ஓரத்தில் அலுமினியம் களைத்துப் போனதே காரணம் என்று பின்னர் கண்டுபிடித்தார்கள். உலகத்தின் முதலாவது பயணிகள் ஜெட் விமானத்தைச் செய்த பொறியியலாளர்களையே ஏமாற்றிய உலோகம் இது. இன்றைய சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 4210இன்படி ஒரு பிரேமை பெடல் மிதிப்பது போல் ஓர் இலட்சம் தடவை அழுத்திப் பார்த்த பின்பே விற்பனைக்கு விடுகிறார்கள். ஒட்டிக் கொடுத்த பிரேமை நாம் எத்தனை தடவை அழுத்திப் பார்க்கிறோம்? கடை வாசலில் ஏறி ஒரு சுற்று, அவ்வளவுதான்.

அம்பிட்டியவிலிருந்தோ ஹந்தானையிலிருந்தோ ஹீரஸ்ஸகலையிலிருந்தோ கண்டிக்கு இறங்கும் பாதைகளை நினைத்துப் பாருங்கள். கடுகண்ணாவையிலிருந்து மாவனெல்லைப் பக்கம் இறங்கும் வளைவுகளை நினைத்துப் பாருங்கள். பின்னால் பஸ், முன்னால் கொள்கலன் லொறி. முன் பிரேக்கைப் பிடிக்கும்போது பாரம் எல்லாம் முன்னுக்கு வந்து ஹேண்டில் குழாயின் மூட்டில் விழுகிறது. அந்த மூட்டு ஒட்டிய மூட்டாக இருந்து அந்த நேரத்தில் விட்டுவிட்டால், ஓட்டுபவர் கையில் ஹேண்டில் மட்டும்தான் இருக்கும். அநேகமாக அவர் பாடசாலைப் பிள்ளையாகவோ கடைப் பொடியனாகவோ இருப்பார்.

மறைத்து விற்பது

ஒட்டிக் கொடுப்பதாவது சொந்தக்காரருக்குத் தெரிந்து நடப்பது. அதைவிடப் பாரதூரமானது இன்னொன்று. வெடித்த பிரேமை மலிவாக வாங்கி, ஒட்டி, அராவி, பட்டி பூசி, ஸ்ப்ரே பெயின்ட் அடித்து, புதிய ஸ்டிக்கரும் ஒட்டி பாவித்த சைக்கிள் என்ற பெயரில் விற்பது. வாங்குபவர் சில்லைச் சுழற்றிப் பார்ப்பார், பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பார், மணியை அடித்துப் பார்ப்பார். பெயின்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகி இருக்கிறது. மழை பட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். மழை பட்டது அவருடைய குற்றம் அல்ல. ஈரமானதை மேலே வைத்திருக்கலாமே, மக்கள் கண்டிருப்பார்களே என்பதுதான் அவரிடம் கேட்கப்பட்டது. பிரேம் வெடித்தது எமது குற்றம் அல்ல. அதன் மேல் பெயின்ட் அடித்தது யாருடைய குற்றம்?

குறையுள்ள பொருளை விற்றால் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்பது பிக்ஹில் ‘கியாருல் அய்ப்’ என்று சொல்லப்படுகிறது. எமது வியாபாரிகளில் பலருக்கு இது தெரியும். பழுதுபார்க்கும் கூலி வேலைக்கும் பொறுப்பு உண்டு என்பது அவ்வளவாகத் தெரியாது. கைத்தொழிலாளியிடம் ஒப்படைத்த பொருள் கெட்டால் அவரே பொறுப்பு என்ற தீர்ப்பு உமர் (ரலி), அலி (ரலி) ஆகியோரின் பெயரால் பிக்ஹு நூல்களில் பேசப்படுகிறது. பிற்காலத்தில் சந்தையைக் கண்காணிக்க முஹ்தஸிப் என்ற அதிகாரியே இருந்தார். 12ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூலில் செம்புக் கொல்லருக்கும் இரும்புக் கொல்லருக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. உலோக வேலையில் நடக்கும் தில்லுமுல்லு அன்றைக்கே சமூகப் பிரச்சினையாக இருந்திருக்கிறது.

நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வியாபாரி பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் நடந்துகொள்ளக் கூடாது என்கிறது. சேவை வழங்கும்போது உரிய கவனமும் திறமையும் இருக்க வேண்டும் என்ற உத்தரவாதமும் அந்தச் சட்டத்தில் அடங்கும். ‘பாவித்த சாமான், பொறுப்பில்லை’ என்று சுவரில் எழுதி வைத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் ஒரு முறை சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது.

தனி ஒருவன் மறுத்தால்

சென்ற வருடம் ஒரு தகப்பன் மகனின் சைக்கிளைக் கொண்டுவந்தார். ஹேண்டில் குழாயின் அடியில் அரைவாசிச் சுற்றுக்கு வெடிப்பு. கையில் இருந்தது ஆயிரத்து ஐந்நூறு ரூபா. “வேற ஒண்டும் வாணாம் நானா, வெல்டிங் மட்டும் வெச்சித் தாங்க” என்றார். இந்த இடத்தை நான் ஒட்டிக் கொடுக்க மாட்டேன், சில்லு, பெடல், செயின், ஹேண்டில் எல்லாவற்றையும் கழற்றிப் பாவித்த இரும்புப் பிரேம் ஒன்றுக்கு மாற்றித் தருகிறேன், மிச்சப் பணத்தைத் தவணையில் தாருங்கள் என்றேன். பாரம் கூடிய சைக்கிளை மகன் மேட்டில் மிதிக்க மாட்டான் என்றார். கோபித்துக்கொண்டு போனார். வேறோர் இடத்தில் அரை மணித்தியாலத்தில் ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு அறிந்தேன். அதன் பின் அவர் எங்கள் கடைக்கு வரவில்லை.

இதுதான் எமது தொழிலின் உண்மையான சிக்கல். உண்மையைச் சொல்பவன் கூலியையும் இழக்கிறான், வாடிக்கையாளரையும் இழக்கிறான். சொல்லாதவனுக்கு இரண்டும் கிடைக்கிறது. நேர்மையாக வியாபாரம் செய்யுங்கள் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து கடையைத் திறக்கும் சகோதரருக்குப் பக்கத்துக் கடைக்காரரும் அதே பதிலைச் சொல்வார் என்ற உறுதி இருந்தால் எவ்வளவு இலேசாக இருக்கும்! ஆகவே இதைத் தனி மனிதரின் தக்வாவுக்கு மாத்திரம் விட்டுவிடாமல், சைக்கிள் கடைக்காரர்களும் வெல்டிங் பாஸ்மாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு பொது ஏற்பாட்டுக்கு வர வேண்டும் என்பதே எனது கருத்து. முஸ்லிம் கடை, சிங்களக் கடை, தமிழ்க் கடை என்ற பேதம் இதில் இருக்க முடியாது. ஒரு தெருவில் ஒரு கடை மட்டும் விலகி நின்றாலும் ஏற்பாடு உடைந்துவிடும்.

ஏழைக்கு வேறு வழி என்ன என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆயிரத்து ஐந்நூறு ரூபாவுக்கு மேல் இல்லாதவரிடம் அந்த ஆயிரத்து ஐந்நூறையும் வாங்கிக்கொண்டு, சில மாதத்தில் மறுபடி முறியும் ஒன்றைக் கொடுப்பது அவருக்குச் செய்யும் உதவியாகாது. வைத்தியசாலைச் செலவைக் கணக்கில் எடுக்காமலேயே இதைச் சொல்கிறேன். வெடித்த அலுமினியப் பிரேமுக்குப் பழைய உலோக விலையும் உண்டு. அதைக் கழித்து, பாவித்த இரும்புப் பிரேமை இலாபம் வைக்காமல் கொடுத்தால் வித்தியாசம் பலர் நினைப்பதைவிடக் குறைவு. சீட் கம்பியின் விட்டம் பொருந்தாமல் போகும், ஹேண்டில் கோப்பைகளும் மாற வேண்டி வரலாம். மற்றவை பெரும்பாலும் பொருந்தும். ஊர்ப் பள்ளிவாசல்களில் ஸகாத் நிதியை ஒழுங்குபடுத்துபவர்கள் தையல் மெஷின் கொடுப்பதைப் போல இதையும் யோசிக்கலாம். சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு அதுதான் வாழ்வாதாரம்.

ஏற்பாடு எப்படி இருக்கலாம்? ஹேண்டில் குழாய், அதோடு சேரும் இரண்டு குழாய்கள், பெடல் அச்சு மூட்டு, முன் போர்க் ஆகிய இடங்களில் அலுமினியம் வெடித்திருந்தால் எவரும் ஒட்டுவதில்லை. எழுதி வாங்கிக்கொண்டும் ஒட்டுவதில்லை. அந்தத் துண்டை அண்ணன் வாசித்திருப்பான், நாளைக்கு ஏறப்போகும் தம்பி வாசித்திருக்க மாட்டான். மட்கார்ட், கெரியர் பிடிக்கும் காதுகள் முறிந்தால் ஒட்டுவதைவிட கிளிப் போட்டு இறுக்குவதே மேல். காதை ஒட்டும் சூடும் பக்கத்துக் குழாயைத்தான் மெலிவாக்கும். மற்ற இடங்களை ஒட்டினால் ஒட்டிய இடத்தைப் பட்டி பூசி மறைக்காமல் வெறும் உலோகமாக விட வேண்டும். பின்னர் வாங்குபவரும் காண்பார், மறுபடி வெடித்தாலும் தெரியும். பற்றுச்சீட்டிலும் அதை எழுதிக் கொடுக்க வேண்டும். ஜப்பான் சைக்கிள் கொண்டுவருபவர்கள் விற்பதற்கு முன் மூட்டுகளில் வெடிப்பு பார்க்கும் சிவப்பு மை ஸ்ப்ரேயை அடித்துப் பார்க்கலாம். அது பெரிய செலவு அல்ல.

இவ்வளவு பக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. நாம் ஒட்டிய நாலைந்து பழைய பிரேம்களைக் கொண்டுபோய், இவற்றை அழுத்திப் பார்த்து முறியும் அளவைச் சொல்ல முடியுமா என்று கேட்டால் மாணவர்களுக்கும் அது நல்ல பயிற்சியாக இருக்கும். எம்மில் யாராவது ஒரு முறையாவது கேட்டதாக நான் அறியவில்லை. பாஸ்மாரில் இளையவர்கள் தொழிற்பயிற்சி அதிகார சபையின் வெல்டிங் பாடநெறிகளைப் பற்றி விசாரித்து, அனுபவத்தோடு ஒரு என்விகியூ சான்றிதழையும் எடுத்துக்கொண்டால், மறுப்பதற்கும் அவர்களுக்கு ஒரு தைரியம் வரும்.

பற்றுச்சீட்டில் அச்சடிப்பதற்கான வாசகத்தைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்: “இது அலுமினியப் பிரேம். வெடித்த இடம் ஒட்டப்பட்டுள்ளது. முன்னைய பலம் இல்லை. இறக்கத்திலும் இருவர் ஏறியும் ஓட்ட வேண்டாம்.” எமது வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் வாசிப்பது சிங்களம். பிழையில்லாமல் மாற்றித் தரக்கூடிய சகோதரர் எவராவது இருந்தால் பத்திரிகையின் முகவரிக்கு எழுதி அனுப்பவும். கடைக்காரர்கள் சேர்ந்து அச்சடித்தால் ஒரு புத்தகத்துக்கு ஆகும் செலவு தேநீர்க் காசுக்கு மேல் வராது.